பச்சைக்கு அடியில் இருந்த மஞ்சள்

என் கலாக்காவுக்கு,

உன் அரிமளம் வீட்டு ஜன்னல்களைக் கழற்றிவிட்டோம். நீ கல்யாணமாகிப் போன நாளிலிருந்து பார்த்த அந்தப் பச்சை ஜன்னல்களில் ஒன்றுகூட இப்போது சுவரில் இல்லை. இருந்த இடங்களைச் செங்கல் வைத்து அடைத்திருக்கிறது. வீடு பூட்டிக் கிடக்கிறது. அத்தான் எப்போதாவது போய்த் திறப்பார். விளக்குமாற்றைத் தொட மாட்டார். தரையை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, அந்தத் துணியையும் பையில் கட்டி உள்ளேயே வைத்துவிட்டு வந்துவிடுவார். கூட்டினால் தூசி கிளம்பும், கூட்டவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

ஏன்டி என்று கேட்பாய். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். நீ போன பிறகு மனசுக்குள் உன்னோடு எவ்வளவோ பேசியிருக்கிறேன், எழுதியதில்லை. இதை எழுத வேண்டும் போல இருக்கிறது. மற்றவர்களும் படிக்கட்டும். பழைய வீட்டில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு குடியிருக்கிறவர்கள் நம் பக்கத்தில் குறைவா என்ன?

உன் மகளுக்கு யாழினி என்று பெயர் வைத்தோம். நீ ஏதாவது பெயர் நினைத்து வைத்திருந்தாயா அக்கா? யாரிடமும் சொல்லவில்லையே. மூக்கு அப்படியே உன் மூக்கு. முடி அத்தானுடைய சுருட்டை. நீ முகம் பார்க்காமல் போன அந்தப் பிள்ளையைத் தூக்கி வளர்த்தது மதினிதான்.

அத்தானின் அக்காவைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. படிக்கிறவர்களுக்காக ஒரு வார்த்தை. புருஷன் இறந்த பிறகு தம்பி வீட்டோடு வந்துவிட்டவர். அந்த வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். உன்னை அவர் பேசிய பேச்சு எதையும் நான் மறக்கவில்லை. ஆனால் உன் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் மடியை விட்டு இறக்காமல் உட்கார்ந்திருந்ததும் அவர்தான். இரண்டையும் சொல்லாவிட்டால் சரியாக இருக்காது.

நான் இப்போது புதுக்கோட்டையில் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு மெடிக்கலில் வேலை பார்க்கிறேன். அத்தான் ஜெகதாப்பட்டினத்திலிருந்து மீன் ஏற்றிக்கொண்டு மார்க்கெட்டுக்கு வரும்போது கடைக்கு எதிரில் வேனை நிறுத்துவார். ஐஸ் தண்ணீர் சொட்டச் சொட்ட வண்டி நிற்கும். யாழினிக்கு வயிற்றுவலி மருந்து கேட்பார், எடுத்துக் கொடுப்பேன். பிறகு வெளிக்குப் போக மருந்து. பிறகு பூச்சி மருந்து. பிறகு ரத்தம் ஊற டானிக். திரும்பவும் வயிற்றுவலி மருந்து. பிள்ளைகளுக்கு வருவதுதானே என்று நானும் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் மருந்தை எடுத்துக் கையில் கொடுக்காமல், அவளுக்கு என்னதான் செய்கிறது என்று கேட்டேன். அத்தான் வேன் சாவியைக் கையில் உருட்டிக்கொண்டே நின்றார்.

"சாப்பிட மாட்டேங்குறா. எந்நேரமும் சிணுங்குறா. முன்னல்லாம் வண்டி சத்தம் கேட்டாப் போதும், 'அப்பா மீனு, அப்பா நண்டு'ன்னு வாய் ஓயாது. இப்ப பேச்சக் காணும் சுதா. வேணுங்கிறத கையால காட்டுறா."

பேசத் தெரிந்த பிள்ளை பேச்சை விட்டுவிட்டது என்றால் அது வயிற்றுவலி மருந்தில் தீருகிற காரியமில்லை என்று எனக்குப் பட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமையே அரிமளம் போனேன். நீ படுத்திருந்த அதே தெற்கு அறையில், ஜன்னல் ஓரமாகப் போட்ட கட்டிலில் சுருண்டு கிடந்தாள். உதடு வெளுத்திருந்தது. பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். கொஞ்சம் கழித்துத்தான் திரும்பினாள், யாரோ வேறு யாரையோ கூப்பிட்டது போல. கழுத்தில் புதுத் தாயத்து. கண்ணுபட்டுப்போச்சு என்றார் மதினி.

மறுநாளே புதுக்கோட்டைக்கு அழைத்து வந்து குழந்தைகள் டாக்டரிடம் காட்டினோம். சின்ன வயசுப் பெண், வெளியூர்க்காரர். அவளுடைய ஈறைப் பார்த்தார், நகத்தைப் பார்த்தார், வயிற்றை அழுத்திப் பார்த்தார். பிள்ளை மண் தின்னுமா என்று கேட்டார். எங்க வீட்டுப் பிள்ளை மண்ணெல்லாம் தின்னாது என்று மதினிக்குக் கோபமே வந்துவிட்டது. டாக்டர் நாற்காலியை நகர்த்திக் குழந்தையின் முகத்துக்கு நேராகக் குனிந்தார்.

"பாப்பா, செவுத்துல, ஜன்னல்ல எதாச்சும் பிச்சு வாயில போடுவியா?"

அவள் விரலை வாயில் வைத்துக் காட்டினாள். அப்புறம் சொன்னாள். "பச்ச. இனிக்கும்."

அதைக் கேட்டதும் அந்த டாக்டர் முகம் மாறியதை நான் பார்த்தேன் அக்கா. உடனே வயிற்றை எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். படத்தில் அவளுடைய குடல் நெடுக வெள்ளை வெள்ளையாய்ப் புள்ளிகள், ரவையை அள்ளித் தூவினது மாதிரி. அத்தான் அது என்ன என்று கேட்டார்.

"பெயின்ட்டுங்க. உங்க வீட்டு ஜன்னல் பெயின்ட். பழைய பெயின்ட்ல ஈயம் கலந்திருப்பாங்க. அது ஒடம்புல சேர்ந்தா ரத்தத்த உறிஞ்சிரும், மூளையத் தொடும்."

ஈயம் என்றதும் மதினிக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. காலங்காலமாக ஈயச் சொம்பில்தான் ரசம் வைக்கிறோம், ஒருத்தருக்கும் ஒன்றும் ஆகவில்லையே என்றார். டாக்டர் பொறுமையாகத்தான் சொன்னார். "அது வெள்ளீயம்மா. நான் சொல்றது காரீயம். பேருதான் ஒண்ணு. அது வேற, இது விஷம்."

ரத்தம் எடுத்துச் சென்னைக்கு அனுப்பினார்கள். முடிவு வந்த அன்று டாக்டரே அத்தானுக்குப் போன் செய்து, இன்றைக்கே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திருச்சிக்குப் போகச் சொன்னார். மார்க்கெட்டில் மீன் இறக்கிக்கொண்டிருந்தவர் பாதியில் அப்படியே விட்டுவிட்டு வந்தார். கையில் செதில் ஒட்டியிருந்தது. அதோடுதான் ஆஸ்பத்திரியில் அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

உடம்பில் சேர்ந்த ஈயத்தைப் பிடித்துச் சிறுநீரோடு இறக்குகிற மருந்து ஒன்று இருக்கிறது. நான் இத்தனை வருஷம் மருந்துக் கடையில் நிற்கிறேன், கண்ணால் பார்த்ததில்லை. தெரிந்த ஏஜென்ட்டுகளையெல்லாம் போனில் பிடித்துத்தான் வரவழைத்தேன். அழுகின முட்டை வாடை அடிக்கும். பழச்சாற்றில் கலக்கி, இரண்டு பேர் கையைக் காலைப் பிடித்து ஊற்றுவோம். துப்புவாள், வாந்தி எடுப்பாள், மறுபடி ஊற்றுவோம். கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போய்க் கடைசியில் சத்தமில்லாமல் வாயை மட்டும் திறந்து அழுதாள். அந்த அழுகையைப் பார்த்தபோது நீ இல்லாமல் போனது நல்லது என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்துவிட்டேன்.

அங்கே இருந்த பெரிய டாக்டர் மருந்தைப் பற்றி அதிகம் பேசவில்லை. வீட்டைப் பற்றித்தான் கேட்டார். "அதே வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறதா இருந்தா நான் வைத்தியம் பாக்குறதுல அர்த்தமே இல்ல. ஒரு பக்கம் இறைச்சுக்கிட்டே மறுபக்கம் ஊத்துற மாதிரி." அப்புறம், வீட்டில் வேறு யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டார்.

அக்கா, இங்கே உனக்கு நான் ஒன்று சொல்ல வேண்டும். அத்தான் மறுபடி கல்யாணம் செய்துகொண்டார். உன் பிள்ளைக்கு ஒரு ஆள் வேண்டும் என்று எல்லோருமாகப் பேசி முடித்ததுதான், நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை. கறம்பக்குடிப் பெண், கவிதா என்று பெயர். நல்ல பிள்ளை. உன் படத்துக்கு அவளாகவே பூ வைக்கிறாள், யாரும் சொல்லவில்லை. டாக்டர் அந்தக் கேள்வி கேட்டபோது அவள் ஐந்து மாதம்.

கல்யாணத்துக்கு முன்னால் வீட்டைப் புதுசாக்க வேண்டும் என்று அத்தான் தேய்ப்பு மெஷின் வாடகைக்கு எடுத்து ஜன்னல், நிலை எல்லாவற்றையும் தேய்த்திருக்கிறார். வீடு பூராவும் மாவு அரைத்தது மாதிரி தூசி. அதில்தான் யாழினி கோடு போட்டு விளையாடியிருக்கிறாள். மேலே ஒரு கோட்டிங் புதுப் பச்சை அடித்தார்கள். இடுக்குகளில் பழசு அப்படியே இருந்து மறுபடி உரிந்தது. அந்த வீட்டுக்குத்தான் கவிதா மாலையோடு வந்தாள்.

டாக்டர் இன்னும் பின்னால் போய்க் கேட்டார். அதற்கு முன்னால் எப்போது தேய்த்தீர்கள், யார் தேய்த்தார்கள் என்றார். நான்தான் சொன்னேன்.

உன் தலைப்பொங்கலுக்கு நான் வந்திருந்தேனே, ஞாபகம் இருக்கிறதா? நீ தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு உப்புத்தாளால் அந்தத் தெற்கு ஜன்னலைத் தேய்த்துக்கொண்டிருந்தாய். பச்சை போய் நீலம் வந்தது, நீலம் போய் மஞ்சள் வந்தது. அப்படி ஒரு மஞ்சள். புருவத்திலும் கன்னத்திலும் அந்தத் தூசி படிந்து, "மஞ்ச பூசிக் குளிச்சவ மாதிரி இருக்கேன்ல?" என்று சிரித்தாய். அந்தக் கையோடுதான் முறுக்கு எடுத்து எனக்கும் கொடுத்தாய், நீயும் தின்றாய். அப்போது நீ முழுகாமல் இருந்தது உனக்கே தெரியாது. அந்தப் பிள்ளைதான் ஐந்தாம் மாதத்தில் கலைந்தது.

அதற்கப்புறம் நடந்ததையும் சொன்னேன். ஜோசியர் வந்து, கொல்லைவாசல் இருக்கிற திசை வாரிசுக்கு ஆகாது என்றார். வாசலை அடைத்து இடம் மாற்றினார்கள். பழைய கதவையும் அதோடு இருந்த ஜன்னலையும் பிளந்து அடுக்கி, வெந்நீர் அடுப்புக்கு விறகாக்கினார்கள். ஐப்பசி, கார்த்திகை மழை முழுக்க அந்த விறகுதான் எரிந்தது. நீ இரண்டாவதைச் சுமந்துகொண்டு அந்த அடுப்படியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருப்பாய். அந்தச் சாம்பலில்தான் பாத்திரம் தேய்த்தாய். மிச்சச் சாம்பலைக் கொல்லையில் கீரைப் பாத்திக்குப் போட்டாய். அந்தக் கீரையைத்தான் பிள்ளைத்தாச்சிக்கு நல்லது என்று உனக்கே கடைந்து கொடுத்தார்கள்.

இரண்டாவது பிள்ளை மூச்சில்லாமல் பிறந்தது. மூன்றாவதாக யாழினி. அவளைச் சுமந்தபோது உனக்கு பிரஷர் ஏறியது, பிரசவத்தில் வலிப்பு வந்தது, நீ கண் விழிக்கவில்லை.

டாக்டர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். நான் கேட்க வேண்டியதைக் கேட்டேன். என் அக்கா செத்தது இதனால்தானா என்று.

"இப்ப சோதிச்சுப் பாக்க எதுவும் இல்லைங்க. பிரஷர் வேற காரணத்தாலயும் வரும், கர்ப்பமும் வேற காரணத்தால கலையும். ஆனா நீங்க சொல்றதெல்லாம் கேட்ட பெறகு, இல்லவே இல்லைன்னு என்னால சொல்ல முடியாது."

அவ்வளவுதான் அவரால் சொல்ல முடிந்தது. இதை வைத்துக்கொண்டு நான் யாரிடம் போய் நிற்பது? சொல் அக்கா. பெயின்ட்டை எந்தக் காலத்தில் யார் அடித்தார்களோ. அத்தானுடைய தாத்தா அந்த வீட்டை வாங்கும்போதே ஜன்னல் மஞ்சளாகத்தான் இருந்ததாம். விற்றவனுக்கும் தெரியாது, வாங்கினவருக்கும் தெரியாது. இப்போது டப்பாவிலேயே ஈயம் சேர்க்கவில்லை என்று போட்டு விற்கிறார்கள். அப்படியென்றால் அதற்கு முன்னால் விற்றவர்களுக்குத் தெரிந்திருந்ததா?

டாக்டர் முதலில் கவிதாவை வெளியே கொண்டுவரச் சொன்னார். அரிமளம் வீட்டில் வைத்து அதைச் சொன்னதும் மதினி முடியாது என்றார். பிள்ளைத்தாச்சியை ஐந்தாம் மாதத்தில் தாய்வீட்டுக்கு அனுப்பினால் ஊர் என்ன பேசும், சண்டை போட்டு விரட்டிவிட்டோம் என்றுதானே நினைப்பார்கள், ஏழாம் மாதம் வளைகாப்பு போட்டு அனுப்பிக்கொள்ளலாம் என்றார். அத்தான் தன் அக்காவை எதிர்த்துப் பேசிப் பழகாதவர். தலையைக் குனிந்துகொண்டு நின்றார். உன் விஷயத்திலும் அப்படித்தான் நின்றார்.

கவிதா அறைக்குள்ளிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள் போல. வெளியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். மெதுவாகத்தான் கேட்டாள், ஆனால் எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி.

"சுதாக்கா, மறைக்காம சொல்லுங்க. பெரியக்காவுக்கும் இதுதானா?"

"தெரியலம்மா. இருக்கலாம்னு சொல்றாக."

அவள் எழுந்து போய்ப் பையில் துணியை எடுத்து வைத்தாள். வாசலில் நின்று அத்தானைப் பார்த்து, "நீங்க கொண்டாந்து விடுறீங்களா, இல்ல நான் பஸ்ஸுல போகவா?" என்றாள். அத்தான் வேன் சாவியை எடுத்தார். மதினி கொல்லைப்பக்கம் போய்விட்டார்.

அவளுடைய ரத்தத்திலும் இருந்தது அக்கா. யாழினி அளவுக்கு இல்லை, ஆனால் இருக்கக் கூடாத அளவுக்கு இருந்தது. வயிற்றில் பிள்ளை இருக்கும்போது அந்த மருந்தை எளிதில் கொடுக்க மாட்டார்களாம். பால், கீரை, சுண்ணாம்புச்சத்து, இரும்புச்சத்து என்று எழுதிக் கொடுத்தார்கள். மிச்சத்துக்குக் காத்திருக்க வேண்டியதுதான். அவள் காத்திருந்த அந்த மாதங்களில் நான் போனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டே படுத்தேன்.

யாழினியைத் திருச்சியிலிருந்து நேராக என் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். கொண்டுவருவதற்கு முன்னால் என் வாடகை வீட்டின் ஜன்னலில் நகத்தால் ஒரு ஓரத்தைச் சுரண்டிப் பார்த்தேன். இரும்பு ஜன்னல், ஒரே ஒரு பூச்சு. வீட்டுக்காரம்மா என்ன செய்கிறாய் என்று கேட்டதற்கு விஷயத்தைச் சொன்னேன். சாயந்திரம் அவர் தன் வீட்டுக் கதவில் சுரண்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது எந்த வீட்டுக்குப் போனாலும், கல்யாண வீடானாலும் சாவு வீடானாலும், என் கண் முதலில் ஜன்னலுக்குத்தான் போகிறது.

ஜன்னல்களை என்ன செய்வது என்று அத்தானுக்கும் எனக்கும் தெரியவில்லை. டாக்டர் சொன்னது இவ்வளவுதான்: உலர்வாகத் தேய்க்காதீர்கள், நெருப்பு காட்டாதீர்கள், தண்ணீர் தெளித்துத் தெளித்து வேலை செய்யுங்கள், வாய் மூக்கைக் கட்டிக்கொள்ளுங்கள், போட்ட துணியோடு பிள்ளையைத் தொடாதீர்கள். அத்தான் ஒரு பெயின்ட்டரைக் கூப்பிட்டார். அவர் ஒரு ஜன்னலை நனைத்துச் சுரண்டிப் பார்த்துவிட்டு, அடுக்கு அடுக்காகப் போய்க்கொண்டே இருக்கிறது, இதைச் சுரண்டி முடிக்கிறதுக்குள் எனக்கு என்ன ஆகும் என்று கேட்டார். கேட்டதில் தப்பில்லை. அத்தான் அவரை அனுப்பிவிட்டார்.

கடைசியில் நிலையோடு பெயர்த்து எடுப்பது என்று முடிவாயிற்று. தரை முழுக்கப் பாலிதீன் தாள் விரித்து, சுவரை நனைத்து, அத்தானும் ஒரு கொத்தனாருமாக ஒவ்வொன்றாக எடுத்தார்கள். நான் ஈரத்துணியால் பின்னாலேயே துடைத்துக்கொண்டு போனேன். தெற்கு அறை ஜன்னலை எடுக்கும்போது கீழ்ச்சட்டத்தில் ஒரு பிள்ளையின் கை எட்டுகிற உயரம் வரைக்கும் பெயின்ட்டே இல்லை. மரம் வெளுத்துக் கிடந்தது. அத்தான் அந்த இடத்தில் கையை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். கொத்தனார் வெளியே போய் நின்றுகொண்டார்.

பழைய மரம் வாங்குகிற வியாபாரி ஒருவர் எப்படியோ கேள்விப்பட்டு வந்துவிட்டார். நல்ல தேக்கு, பெரிய ஹோட்டல்காரர்கள் தேடித்தேடி வாங்குகிறார்கள், அப்படியே எடுத்துக்கொள்கிறேன் என்றார். அத்தான் சரி என்றுவிடுவாரோ என்று எனக்குப் பயமாகிவிட்டது, வைத்தியத்துக்கு அலைந்து கையில் காசில்லாத சமயம் அது. அத்தான் அவரிடம், இதில் விஷம் இருக்கிறது என்றார். வியாபாரி சிரித்தார்.

"எல்லாப் பழைய கதவுலயும் இதாண்ணே இருக்கு. பட்டறையில குடுத்தா தேச்சு, பாலிஷ் போட்டு, தெரியாமப் பண்ணிருவான்."

"தேய்க்கிறவன் வீட்ல பிள்ள இருக்கும்ல?" என்றார் அத்தான். உள்ளே போய்விட்டார். வியாபாரி கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போனார். அத்தான் வாய் திறந்து ஒரு ஆளை மறுத்து நான் பார்த்தது அன்றைக்குத்தான் அக்கா. உனக்காக ஒருநாள் அப்படிப் பேசியிருக்கக் கூடாதா என்றும் தோன்றியது.

ஊராட்சி ஆபீஸில் போய்க் கேட்டோம். குப்பை வண்டியில் போட்டுவிடுங்கள் என்றார்கள். வண்டி அதை எங்கே கொட்டும் என்று கேட்டதற்கு, ஊருணிக்கு அங்கிட்டு என்றார்கள். திரும்பி வந்து ஜன்னல்களைத் தார்ப்பாயில் சுற்றிக் கட்டி, துடைத்த துணி, உதிர்ந்த சில்லு எல்லாவற்றையும் மூடி போட்ட டிரம்மில் அடைத்து, பின் அறையில் வைத்து, அந்த அறை வாசலையும் கல் வைத்துக் கட்டிவிட்டோம். இன்னும் அங்கேதான் இருக்கிறது. அதை என்ன செய்வது என்று தெரிந்தவர்கள் யாராவது இதைப் படித்தால் சொல்லட்டும்.

கவிதாவுக்குக் குறைமாதத்தில் பையன் பிறந்தான். ரொம்பச் சின்னவன், துணியோடு தூக்கினாலும் கையில் கனம் தெரியவில்லை. கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்து கொடுத்தார்கள். அவன் ரத்தத்திலும் இருக்கிறது. அவன் ஒரு தப்பும் செய்யவில்லை, ஒரு சில்லுகூட எடுத்து வாயில் போடவில்லை. தாயின் எலும்பிலிருந்து பிள்ளைக்குப் போகுமாம். கூடிய சீக்கிரம் இறங்கிவிடும் என்கிறார்கள். பால் நன்றாகக் குடிக்கிறான். அந்த மட்டுக்கும் சந்தோஷம்.

மதினிக்கும் பரிசோதித்தோம், அவர் ரத்தத்திலும் இருந்தது. அவருடைய கால்வலிக்கும் வயிற்றுக்கும் இத்தனை வருஷம் சாப்பிட்ட மாத்திரைகளை நினைத்துக்கொண்டேன். அந்த அடுப்புப் புகையை அவரும்தானே குடித்தார். இப்போது அத்தானும் கவிதாவும் மதினியும் என் வீட்டுக்கு அடுத்த தெருவில் வாடகைக்கு இருக்கிறார்கள். யாழினி அங்கேயும் இங்கேயுமாக வளர்கிறாள்.

போன மாதம் மதினி என் வீட்டுக்கு வந்து, சமையல்கட்டில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். தலையை நிமிர்த்தாமலே பேசினார்.

"அந்தக் கதவ ஒடச்சு அடுப்புல வச்சவ நாந்தான் சுதா. அவ வயித்தோட ஒக்காந்திருந்தா. குளுருக்கு எதமா இருக்கு மதினின்னு சொன்னா. நான் இன்னுங் கொஞ்சம் வெறகத் தள்ளிவிட்டேன்."

அவர் இன்னொரு வெங்காயத்தை எடுத்தார்.

"பொறவு அவளத்தான் ராசி கெட்டவன்னு ஊரெல்லாம் சொன்னேன்."

மன்னிக்கிறேன் என்று சொல்ல அது எனக்குச் செய்த குற்றமில்லை. உனக்குச் செய்தது. நீ இல்லை. தெரியாமல் செய்த காரியம் மதினி என்று சொல்லலாம், விறகுக்கு அது சரி. பேச்சுக்கு? பிள்ளை இறந்து பிறந்த வீட்டில், பால் கட்டி நெஞ்சு வலிக்க நீ படுத்திருந்தபோது உன் காதில் விழ அவர் சொன்னதெல்லாம் தெரியாமல் சொன்னதா? அரிசியை உலையில் போட்டேன். அவர் உரித்து முடித்து, தோலைக் கூட்டி எடுத்துக்கொண்டு போனார். மறுநாளும் வந்தார். வருகிறார். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.

யாழினியைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன், ஏனென்றால் அதுதான் எழுத வரவில்லை. ரத்தத்தில் அளவு குறைந்திருக்கிறது. உதட்டில் சிவப்பு வந்திருக்கிறது. வயிறு வலிக்கிறது என்று அழுவதில்லை. ஆனால் போன பேச்சு முழுசாகத் திரும்பவில்லை. திரும்புமா என்று கேட்டால் டாக்டர்கள் பார்க்கலாம் என்கிறார்கள். அவள் வயசுப் பிள்ளைகள் பாட்டுப் பாடுகின்றன; இவள் ஒரு சொல்லைத் தேடிக்கொண்டு வாயைத் திறந்தபடி நிற்பாள். கிடைக்காவிட்டால் கோபம் வந்து என்னைக் கடிப்பாள். ரயில் பெட்டி மாதிரி தீப்பெட்டியை அடுக்கினால் மணிக்கணக்காக உட்கார்ந்திருப்பாள், ஒன்று சரிந்தால் தலையைச் சுவரில் முட்டுவாள். பள்ளிக்கூடத்தில் சேர்த்திருக்கிறோம். டீச்சர் நல்லவர், இவளை முன்னால் உட்கார வைக்கிறார். மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து ஓட முடியாது, இவள் பின்னால்தான் வருவாள் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. நானும் தெரிந்துகொண்டுவிட்டேன்.

ஆனாலும் உன் மகள் உன்னை மாதிரியே பிடிவாதக்காரி. சொல் வராதபோது விட்டுவிட்டுப் போவதில்லை. நின்று, முகமெல்லாம் சிவந்து, அது வருகிற வரைக்கும் நிற்பாள்.

அவள் ஒருநாள் கேட்பாள், எங்கம்மா எப்படிச் செத்துச்சு என்று. வார்த்தைகளைக் கோத்து அந்தக் கேள்வியைக் கேட்க அவளுக்கு எத்தனை வருஷம் ஆகுமோ தெரியாது. அவள் கேட்கிற வரைக்கும் நான் காத்திருப்பேன். அம்மாவைச் சாமி கூப்பிட்டுக்கொண்டது என்று அவளிடம் யாரையும் சொல்ல விடமாட்டேன். உன்னைப் பெற்றதால்தான் செத்தாள் என்று ஒருத்தர் வாயிலிருந்தும் வர விடமாட்டேன். தெரிந்ததைத் தெரியும் என்றும், தெரியாததைத் தெரியாது என்றும் அவளுக்கு விளங்குகிற மாதிரி, எத்தனை தடவை கேட்டாலும் அத்தனை தடவையும் உட்கார வைத்துச் சொல்வேன். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு அக்கா.

உன் மகளுக்குச் சித்தியாகவும்,
என்றைக்கும் உனக்குத் தங்கச்சியாகவும் இருக்கிற,
சுதா